எந்த உயிர் மேலானது? சியாட்டில் எழுவர் குழுவின் வரலாறு தரும் படிப்பினை



உயிர் என்பது வல்ல அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம் ஆகும். நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்வதும், நோயுற்றவருக்கு உதவுவதும் நம் கடமைகள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால், காப்பாற்றப்பட வேண்டிய உயிர்கள் பத்தாகவும், காப்பாற்றும் சாதனம் ஒன்றாகவும் இருந்தால் என்ன செய்வது? அந்த ஒன்றை யாருக்குக் கொடுப்பது? முதலில் வந்தவருக்கா? இளையவருக்கா? பிள்ளைகள் அதிகம் உள்ளவருக்கா? படித்தவருக்கா? பணம் உள்ளவருக்கா?

இது ஏட்டில் மட்டும் உள்ள கேள்வியன்று. 2021ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாம் அலை நம் நாட்டைத் தாக்கியபோது, ஆக்சிஜன் வசதியுள்ள ஒரு படுக்கைக்காக மருத்துவமனை வாசல்களில் காத்து நின்ற குடும்பங்கள் எத்தனை! அன்று பல மருத்துவர்கள் இக்கேள்வியை நேருக்கு நேராகச் சந்தித்தனர்.

இதே கேள்வியை ஒரு நகரம் குழு அமைத்து, விதி வகுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து சந்தித்த வரலாறு ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1960களில் நடந்தது. நல்லெண்ணம் கொண்ட மனிதர்களும் தவறான அளவுகோலைக் கையில் எடுத்தால் எங்குச் சென்று சேர்வார்கள் என்பதை அவ்வரலாறு நமக்குத் தெளிவாக எடுத்துரைக்கிறது.

செயற்கைச் சிறுநீரகம் காத்த முதல் உயிர்

இரத்தத்தில் சேரும் கழிவுகளை ஓயாமல் பிரித்து வெளியேற்றும் பணியை நம் சிறுநீரகங்கள் செய்கின்றன. அவை முற்றிலும் செயலிழந்தால் கழிவு இரத்தத்தில் தேங்கும். சில நாட்களிலோ வாரங்களிலோ மரணம் நேரும். 1940கள் வரை இதற்கு மாற்று வழி ஏதும் இல்லாதிருந்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். ஜெர்மானியரின் பிடியிலிருந்த நெதர்லாந்து நாட்டின் காம்பன் என்னும் சிறிய நகரில் வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர் பணியாற்றி வந்தார். இறைச்சிக் குழல்களுக்கு உறையாகப் பயன்படும் செலோஃபேன் குழாயை ஓர் உருளையின் மீது சுற்றினார். நோயாளியின் இரத்தத்தை அக்குழாய்க்குள் செலுத்தி, உப்புநீர்த் தொட்டியில் அந்த உருளையைச் சுழலவிட்டார். இரத்தத்திலிருந்த கழிவு குழாயின் மெல்லிய சுவர் வழியே நீரில் கலந்தது. 1943ஆம் ஆண்டு அவர் இயக்கிய இக்கருவியே செயற்கைச் சிறுநீரகத்தின் முன்னோடியாகும். ஆயினும், தொடக்கத்தில் அவரிடம் வந்த நோயாளிகளில் ஏறத்தாழ அனைவரும் இறந்துபோயினர்.

1945ஆம் ஆண்டு செப்டம்பரில் 67 வயதுப் பெண்மணி ஒருவர் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டார். போர் முடிந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அப்பெண்மணியோ ஆக்கிரமிப்பாளர்களுக்குத் துணைபோனவர் என்று குற்றம் சாட்டப்பட்டுச் சிறையில் வைக்கப்பட்டிருந்தவர். கோல்ஃப் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்தவர். ஆயினும், தம்முன் கிடந்தவரை அவர் எதிரியாகப் பார்க்கவில்லை; நோயாளியாகவே பார்த்தார். பல மணி நேரம் கருவியை இயக்கினார். அப்பெண்மணி கண் விழித்தார். பல ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் வேறொரு காரணத்தால் இறந்தார்.

செயற்கைச் சிறுநீரகம் உறுதியாகக் காப்பாற்றிய முதல் உயிர் ஊரார் வெறுத்த ஒருவரின் உயிர் என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும். இவர் தகுதியானவரா என்று வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் அவருக்கு எத்தனை வாக்குகள் கிடைத்திருக்கும்?

கையில் பொருத்திய சிறு குழாய்

கோல்ஃபின் கருவிக்கு ஒரு பெருங்குறை இருந்தது. ஒவ்வொரு முறையும் நோயாளியின் தமனியையும் சிரையையும் அறுத்துக் குழாய் செருக வேண்டும். சில தடவைகளுக்குப் பின் அறுப்பதற்கு இரத்தக் குழாய்களே மிஞ்சுவதில்லை. ஆகவே, தற்காலிகமாகச் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மட்டுமே அக்கருவி பயன்பட்டது. நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு மரணமே முடிவாக இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர். முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைக்கும் வளைந்த டெஃப்ளான் குழாய் ஒன்றை அவரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். குழாய் கையிலேயே நிலையாக இருக்கும், வேண்டும்போது அதைத் திறந்து கருவியுடன் இணைக்கலாம், பின்னர் மூடிவிடலாம். 1960ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் இக்குழாய் முதன்முறையாக ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. அவர் 39 வயதான இயந்திரத் தொழிலாளி. சாவின் விளிம்பிலிருந்த அவர் அதன்பின் 11 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

ஒரு மருத்துவரின் சிந்தனையால் மரண நோயொன்று தாங்கி வாழக்கூடிய நோயாக மாறியது. அல்ஹம்து லில்லாஹ் என்று சொல்லத்தக்க அருட்கொடையே இது. ஆனால், ஒவ்வொரு அருட்கொடையுடனும் ஒரு சோதனையும் இணைந்தே வருகிறது அல்லவா?

அடுத்தடுத்து நோயாளிகள் வரத் தொடங்கினர். ஒருவரைச் சேர்த்தால், அவர் வாழும் காலமெல்லாம் வாரந்தோறும் மருத்துவம் செய்தாக வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவாகும். அக்காலத்தில் அது சாதாரணக் குடும்பம் எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகை. 1962ஆம் ஆண்டு ஜனவரியில் சியாட்டில் செயற்கைச் சிறுநீரக மையம் திறக்கப்பட்டபோது அங்கிருந்த படுக்கைகள் மூன்றே மூன்று.

எழுவர் குழு

யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்னும் முடிவை மருத்துவர்கள் மட்டும் எடுப்பது முறையன்று எனக் கருதப்பட்டது. ஆகவே, இரண்டு கட்டத் தேர்வு ஏற்படுத்தப்பட்டது. முதற்கட்டத்தில் மருத்துவர்கள் உடல்நிலையை ஆராய்ந்து, இம்மருத்துவத்தால் பயனடையக் கூடியவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். குழந்தைகளும் 45 வயதைக் கடந்தவர்களும் அப்போதே விலக்கப்பட்டனர். எஞ்சியவர்களுள் இடம் பெறுபவர் யார் என்பதை எழுவர் கொண்ட குழு தீர்மானிக்கும். ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர் ஆகியோரே அந்த எழுவர். அவர்களின் பெயர்கள் வெளியிடப்படவில்லை. நோயாளிகளின் முகத்தை அவர்கள் பார்ப்பதும் இல்லை. அவர்கள் கையில் இருந்தவை நோயாளிகளைப் பற்றிய தகவல்கள் மட்டுமே.

அந்தத் தகவல்கள் எவை? வயது, ஆணா பெண்ணா, திருமணமானவரா, எத்தனை பேர் அவரை நம்பி வாழ்கின்றனர், வருமானம் என்ன, சொத்து எவ்வளவு, கல்வி என்ன, தொழில் என்ன, மன உறுதி எப்படி, இதுவரை என்ன செய்தார், இனி என்ன செய்யக்கூடும் என்பனவாகும். வாஷிங்டன் மாநிலத்தில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். அம்மாநில மக்களின் வரிப்பணமே ஆராய்ச்சிக்குத் துணை நின்றது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

1962ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் வெளிவந்த 'லைஃப்' இதழில் ஷானா அலெக்சாண்டர் என்னும் பெண் பத்திரிகையாளர் இக்குழுவைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். குழுவினர் எவ்வாறு விவாதித்தனர் என்பதை அக்கட்டுரை வழியாகவே உலகம் அறிந்தது. ஒருவர் தேவாலயப் பணிகளில் ஈடுபடுபவர் என்பது அவருடைய நற்குணத்திற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒருவர் இறந்தால் அவருடைய மனைவி மறுமணம் செய்துகொள்ள இயலுமா, பிள்ளைகள் அதிகமிருந்தால் அது கடினமாகுமே என்றும் அவர்கள் கணக்கிட்டனர். சேமிப்பு உள்ளவர் இறந்தால் அவர் குடும்பம் அரசுக்குச் சுமையாகாது. சேமிப்பு இல்லாதவர் இறந்தால் சுமையாகும். எனவே சேமிப்பில்லாதவரைக் காப்பதே மேல் என்றொரு வாதம் எழுந்தது. அப்படியானால் சிக்கனமாக வாழ்ந்தவரை அச்சிக்கனத்திற்காகவே தண்டிப்பதாகாதா என்று எதிர்க்கேள்வியும் எழுந்தது.

சகோதரர்களே! இவர்கள் கொடியவர்கள் அல்லர். ஊதியம் பெறாமல், பெயரும் புகழும் தேடாமல், மனச்சுமையோடு இப்பணியைச் செய்தவர்கள். இவர்கள் அமர்வதற்கு முன்பும் மருத்துவ உலகில் தேர்வு நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மூடிய கதவுக்குப் பின்னால், எவரும் அறியாமல் நடந்தது. அதை வெளிப்படையான பொறுப்பாக ஆக்க முயன்றவர்கள் என்னும் வகையில் இவர்களுக்குரிய மதிப்பை நாம் மறுக்கலாகாது. பிழை அவர்களின் உள்ளத்தில் இருக்கவில்லை. கையில் எடுத்த அளவுகோலில் இருந்தது.

அளவுகோல் யாருடையது?

அக்கட்டுரை அமெரிக்காவெங்கும் பெரும் விவாதத்தை எழுப்பியது. மருத்துவ அறவியல் என்னும் இன்றைய துறையின் பிறப்பையே அந்த நாளோடு இணைத்துப் பேசும் அறிஞர்களும் உள்ளனர்.

1968ஆம் ஆண்டு மருத்துவர் டேவிட் சாண்டர்ஸ், சட்டப் பேராசிரியர் ஜெஸ்ஸி டுக்மினியர் ஆகிய இருவரும் எழுதிய கட்டுரை இக்குழுவின் முறையைக் கடுமையாக விமர்சித்தது. குழுவினர் நடுத்தர வகுப்பைச் சேர்ந்தவர்கள். தம்மைப் போன்றவர்களையே அவர்கள் தகுதியானவர்களாகக் கண்டார்கள் என்பதே அதன் சாரம். தனித்து வாழ்பவர், வழக்கத்திற்கு மாறான சிந்தனை உடையவர், நிலையான தொழில் இல்லாதவர் ஆகியோர் அத்தராசில் எடை குறைந்தே நிற்பார்கள்.

இங்கே நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். தேவாலயப் பணியை நற்குணத்தின் சான்றாகக் கொண்ட அந்தத் தராசில், நம்மைப் போன்ற சிறுபான்மைச் சமுதாயத்தவர் ஒருவர் வைக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே வேளையில், நம்மவர்களே அக்குழுவில் அமர்ந்திருந்தால் பள்ளிவாசலுக்குத் தவறாமல் வருபவர் என்பதை நாமும் ஒரு மதிப்பெண்ணாகச் சேர்த்திருக்க மாட்டோமா? மனிதனின் மதிப்பை மனிதன் அளக்கத் தொடங்கினால், அவன் எடுப்பது தன் சொந்த முழக்கோலாகவே இருக்கும். உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

மூன்று கருத்துகள்

இக்கேள்விக்கு விடை தேடியவர்களை மூன்று வகையினராகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர், சமுதாயத்திற்கு மிகுதியான பயன் எதுவோ அதுவே சரியானது என்றனர். ஜெரமி பெந்தாம் போன்ற ஆங்கிலேயச் சிந்தனையாளர்கள் வளர்த்த பயனெறிக் கொள்கை இது. 1969ஆம் ஆண்டு நிக்கோலஸ் ரெஷர் என்னும் தத்துவ அறிஞர், சமுதாயம் தன் அரிய செல்வத்தை ஒருவருக்காகச் செலவிடும்போது அவரால் விளையும் நன்மையையும் கருத்தில் கொள்வது நியாயமே என்று எழுதினார். இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆறு குழந்தைகளின் தாயும் தனியாளான ஒருவரும் ஒரே படுக்கைக்காகக் காத்திருந்தால் நம் மனம் எங்குச் சாயும் என்பதை நாமே அறிவோம்.

இரண்டாம் வகையினர், மனித உயிருக்கு விலை கிடையாது, கண்ணியமே உண்டு என்றனர். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காண்ட் வலியுறுத்திய கருத்து இது. மனிதனைப் பிறருடைய பயனுக்கான வெறும் கருவியாகக் கருதலாகாது. எனவே பயனைக் கொண்டு உயிர்களைத் தரம் பிரிக்கலாகாது.

மூன்றாம் வகையினர் அக்கண்ணியத்தை நடைமுறைப்படுத்தும் வழியைத் தேடினர். 1970ஆம் ஆண்டு ஜேம்ஸ் சில்ட்ரெஸ் என்பார் ஒரு வழியை முன்வைத்தார். மருத்துவத்தால் பயனடையக் கூடியவர் யார் என்பதை மருத்துவர்கள் முடிவு செய்யட்டும். அவர்களுள் தேர்வு செய்ய வேண்டிய நிலை வந்தால் சீட்டுக் குலுக்கட்டும், அல்லது வந்த வரிசைப்படி கொடுக்கட்டும் என்பதே அவ்வழி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சீட்டில் பெயர் வராதவருக்கு இடம் கிடைக்கவில்லை என்பது மட்டுமே செய்தி. குழுவால் ஒதுக்கப்பட்டவருக்கோ, நீ வாழத் தகுதியற்றவன் என்பதும் சேர்த்தே சொல்லப்படுகிறது. இரண்டாவது செய்தியைத் தாங்கிக்கொண்டு இறப்பது எத்துணைக் கொடுமை!

சில்ட்ரெஸ் தம் கருத்துக்குத் துணையாக ஒரு பழைய வழக்கை எடுத்துக் காட்டினார். 1841ஆம் ஆண்டு 'வில்லியம் பிரௌன்' என்னும் கப்பல் அட்லாண்டிக் கடலில் பனிப்பாறையில் மோதி மூழ்கியது. உயிர்காக்கும் படகு ஒன்றில் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியிருந்தனர். படகு மூழ்கிவிடும் என்று அஞ்சிய மாலுமிகள் பயணிகளுள் பலரைக் கடலில் தூக்கி எறிந்தனர். தப்பிய மாலுமிகளுள் ஒருவர் 1842ஆம் ஆண்டு ஃபிலடெல்ஃபியா நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். படகைச் செலுத்தத் தேவையான மாலுமிகளைத் தவிர மற்ற மாலுமிகளுக்குப் பயணிகளைவிட மேலான உரிமை இல்லை. தேர்வு தவிர்க்க முடியாததாயின் சீட்டுக் குலுக்கியிருக்க வேண்டும் என்று நீதிபதி கூறினார்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) கண்ட கப்பல்

இதே கப்பல் எடுத்துக்காட்டை, அவ்வழக்கிற்கு ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் இமாம் ஒருவர் ஆராய்ந்திருக்கிறார். ஹிஜ்ரி 505இல், அதாவது 1111ஆம் ஆண்டில் மறைந்த இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'அல்முஸ்தஸ்ஃபா' நூலில் மஸ்லஹா எனப்படும் பொதுநலனின் எல்லைகளை விளக்குகிறார்கள். ஒருவரைக் கடலில் எறிந்தால் மற்றவர்கள் தப்புவார்கள், இல்லையேல் அனைவரும் மூழ்குவார்கள் என்ற நிலையில் உள்ள கப்பலை அங்கே எடுத்துக்காட்டுகிறார்கள். எறிவது கூடாது என்பதே அவர்களின் முடிவு. கப்பலில் இருப்பவர்கள் எண்ணி முடிக்கத்தக்க சிலரே; அவர்களின் நலன் சமுதாயம் முழுவதன் நலனாகாது. மேலும், எறியப்பட வேண்டியவர் இன்னார் என்பதைச் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்ய முடியும். உயிரைப் பறிக்கச் சீட்டுக் குலுக்குவதற்கு அடிப்படை ஏதும் இல்லை என்கிறார்கள்.

அமெரிக்க நீதிபதி சீட்டை ஏற்றார். நம் இமாம் அதையும் ஏற்கவில்லை. பலருக்கு நன்மை என்னும் காரணம் ஒரு தனி உயிரின் மீதான அதிகாரத்தை நம் கையில் தந்துவிடாது என்பதே இதன் பொருளாகும்.

ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கப்பலில் கேட்கப்படுவது, யாரைக் கடலில் எறிவது என்னும் கேள்வி. சியாட்டிலில் கேட்கப்பட்டது, ஏற்கனவே கடலில் தத்தளிக்கும் பலருள் யாருக்கு ஒற்றைக் கயிற்றை வீசுவது என்னும் கேள்வி. முன்னது உயிரைப் பறிப்பது, பின்னது கொடுப்பது. சம உரிமை உடையோரிடையே கொடுக்க வேண்டிய இடத்தில் சீட்டுக் குலுக்குவதற்கு நம் வரலாற்றில் முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது துணைவியருள் எவரை உடன் அழைத்துச் செல்வது என்பதற்குச் சீட்டுக் குலுக்கியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. மருத்துவத்தில் இதைப் பொருத்துவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை வழங்குவது ஆலிம்களின் பொறுப்பு. இங்கே நாம் செய்வது வரலாற்று ஒப்புநோக்கு மட்டுமே.

கதவை அகலமாக்குதல்

சியாட்டிலின் சிக்கலுக்கு இறுதியில் எவ்வாறு தீர்வு கிடைத்தது? சிறந்த தேர்வுமுறையால் அன்று. தேர்வுக்கான தேவையையே குறைத்ததால் கிடைத்தது.

1971ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னிலையில் ஒரு நோயாளி அமர்ந்தார். உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சிறிது நேரம் அவருக்கு அங்கேயே இரத்தச் சுத்திகரிப்பு செய்யப்பட்டது. அதுவரை எண்களாக இருந்த நோயாளிகள் மனிதராக அவர்கள் முன் அமர்ந்திருந்தனர். 1972ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சட்டம் கையெழுத்தானது. 1973ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து, சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தோரில் ஏறத்தாழ அனைவருடைய மருத்துவச் செலவையும் அரசின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றது. மனைவிக்கு மறுமணம் ஆகுமா, சேமிப்பு எவ்வளவு என்று கேட்க வேண்டிய நிலை மறைந்தது. இன்று அந்நாட்டில் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இம்மருத்துவத்தால் வாழ்கின்றனர்.

இத்தீர்வும் குறையற்றதன்று. செலவு எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு பெருகியது. சிறுநீரக நோயாளிக்குக் கிடைத்தது இதய நோயாளிக்கும் புற்றுநோயாளிக்கும் ஏன் இல்லை என்னும் கேள்வியும் எழுந்தது. ஆயினும், அடிப்படைப் பாடம் மாறவில்லை. குறுகிய வாசலில் யாரை முதலில் விடுவது என்று வாதிடுவதோடு நின்றுவிடாமல், வாசலை அகலமாக்க முயல்வதே நீதியின் பெரும்பகுதி ஆகும்.

நம் முன்னோர் வக்ஃபின் மூலம் செய்ததும் இதுவே. மம்லூக் சுல்தான் கலாவூன், தளபதியாக இருந்த காலத்தில் திமிஷ்க் நகரில் நோயுற்றார். அங்குள்ள நூருத்தீன் மருத்துவமனையின் மருந்துகளால் குணமடைந்தார். ஆட்சிப் பொறுப்பு கிடைத்தால் இத்தகைய மருத்துவமனை ஒன்றை நிறுவுவதாக அவர் நேர்ந்துகொண்டார் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். 1284ஆம் ஆண்டு கெய்ரோவில் பணி தொடங்கி, ஓராண்டுக்குள் மருத்துவமனை எழுந்தது. அதன் வக்ஃப் ஆவணம் ஆண், பெண், செல்வர், வறியர், உள்ளூரில் வாழ்பவர், வெளியூரிலிருந்து வந்தவர் என எல்லோரையும் நோயாளி என்னும் ஒரே பெயரால் ஏற்றது. கடைகள் முதலான சொத்துகளின் வருமானம் அதற்கென எழுதி வைக்கப்பட்டது. சியாட்டில் மூன்று படுக்கைகளோடு எதிர்கொண்ட அந்த நெருக்கடியை ஒரு வக்ஃப் முற்றிலும் தவிர்த்திருக்கும் என்று நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால், வாசலில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. அங்கே, நீ யார் என்று கேட்டனர். இங்கே, உனக்கு என்ன நோய் என்று கேட்டனர்.

நான்கு நெறிகளும் நம் இல்லங்களும்

1979ஆம் ஆண்டு டாம் போஷாம்ப் என்பாரும் மேலே குறிப்பிட்ட ஜேம்ஸ் சில்ட்ரெஸும் இணைந்து வெளியிட்ட நூல், மருத்துவ முடிவுகளுக்கு நான்கு நெறிகளை வகுத்தது. நோயாளியின் சொந்த முடிவை மதித்தல், தீங்கிழையாமை, நன்மை செய்தல், நீதி வழங்கல் என்பனவே அவை. இன்று உலகெங்கும் மருத்துவ மாணவர்களுக்கு இந்நான்கும் கற்பிக்கப்படுகின்றன. இவற்றுள் நான்காவதான நீதியே நடைமுறையில் மிகக் கடினமானது. ஏனெனில் முதல் மூன்றும் தம்முன் இருக்கும் ஒரு நோயாளியைப் பற்றியவை. நீதியோ, இன்னும் உள்ளே வராமல் வாசலில் நிற்பவரைப் பற்றியும் பேசுவது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் இத்தாலி கொரோனாவால் திணறியபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்க வயது வரம்பு விதிக்க நேரலாம் என அந்நாட்டு மருத்துவச் சங்கம் ஒன்று அறிவித்தது. அது பெரும் விவாதமாயிற்று. அதே மாதத்தில், உடல் ஊனமுற்றோரை அவர்களின் ஊனத்தைக் காட்டி மருத்துவத்திலிருந்து ஒதுக்கலாகாது என்று அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை நினைவூட்டியது. சியாட்டிலின் கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பதற்கு இவையே சான்று.

சகோதர, சகோதரிகளே! மருத்துவமனையில் மட்டுமன்று, எழுவர் குழு நம் இல்லங்களிலும் அமர்ந்திருக்கிறது. மகனுக்குக் காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் விரைகிறோம். மருமகளுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் வைத்துக் கொடுத்து நாளை பார்க்கலாம் என்கிறோம். சம்பாதிப்பவரின் அறுவை மருத்துவத்திற்குக் கடன் வாங்குகிறோம். முதிய தாயின் கண்புரை அறுவையை, வயதாகிவிட்டதே என்று தள்ளிப் போடுகிறோம். நம் நாட்டில் உயிரோடிருக்கும்போதே தம் உறுப்பை உறவினருக்குக் கொடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். இதில் அன்பும் தியாகமும் உண்டு என்பது உண்மையே. ஆனால், இவர் உழைப்பவர், அவர் வீட்டில் இருப்பவர்தானே என்னும் கணக்கும் அதில் கலந்திருக்கவில்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? சியாட்டிலில் எழுவர் கூடி எழுதிய கணக்கை நாம் எழுதாமலேயே போடுகிறோம்.

எனவே, நம் குடும்பங்களில் மூன்று செயல்களை வழக்கமாக்கிக் கொள்வோம். முதலாவதாக, யாருக்கு முதலில் மருத்துவம் என்பதை நோயின் கடுமையைக் கொண்டு முடிவு செய்வோம். சம்பாத்தியத்தைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். இரண்டாவதாக, நோயுற்றவரிடம், அவர் முதியவராயினும் பெண்ணாயினும், அவருடைய விருப்பத்தைக் கேட்போம். அவரை வைத்துக்கொண்டே அவருக்குத் தெரியாமல் முடிவெடுக்க வேண்டாம். மூன்றாவதாக, வாசலை அகலமாக்குவோம். ஒவ்வொரு மஹல்லாவிலும், இரத்தச் சுத்திகரிப்பு மருத்துவத்திற்குச் செல்ல வாகனச் செலவுக்குக்கூட வழியில்லாத குடும்பங்கள் இருக்கக்கூடும். ஜமாஅத் நிர்வாகிகள் அவர்களைத் தேடிக் கண்டறிந்து, ஸதக்கா நிதியிலிருந்து மாதந்தோறும் உதவ ஏற்பாடு செய்தால் அதுவும் ஒரு வக்ஃபின் தொடக்கமே.

1945இல் காம்பன் நகரில் கண் விழித்த அந்தப் பெண்மணியைக் காப்பாற்றியது எந்தக் குழுவின் மதிப்பெண்ணும் அன்று. நோயாளி என்பதற்கு மேல் எதையும் கேட்காத ஒரு மருத்துவரின் நேர்மையே அவரைக் காப்பாற்றியது. உயிர்களைத் தரம் பிரிக்கும் அதிகாரம் நமக்கு அளிக்கப்படவில்லை. அவற்றைப் பேணும் பொறுப்பே அளிக்கப்பட்டிருக்கிறது.

வல்ல நாயன் நோயுற்றோர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அமானிதத்தைப் பேணுபவர்களாகவும், நம் இல்லங்களில் நீதியை நிலைநாட்டுபவர்களாகவும் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.